பக்கம் நூற்று நாற்பது

ஆலிவ் ட்ரெஹார்ன்.
பதினேழு நாவல்கள், இரண்டு கணவர்கள்,
பிரிகேடியர் என்றொரு நாய்.
மூன்று அட்டைப்பெட்டிகளில் வந்து சேர்ந்தாள்
ஜூரோங் கிடங்கின் நான்காம் மாடிக்கு.
ஸ்கேன் செய்யும் தாளுக்கு நாற்பது காசு எனக்கு.
கையுறை அவர்கள் தருவது.
குளிர் இலவசம்.

முப்பத்தாறில் கப்பலிறங்கியிருக்கிறாள்,
துறைமுகப் பொறியாளரின் மனைவியாக.
முதல் கடிதத்திலேயே தங்கைக்கு எழுதுகிறாள்:
"இங்கே மழை கதவைத் தட்டுவதில்லை,
கதவாகவே வந்து நிற்கிறது."
நல்ல வரி.
ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

நாவலுக்கு ஆண்பெயர் வைத்துக்கொண்டாள்.
லண்டன் பதிப்பாளர் ஆறு வருடம்
"அன்புள்ள ஐயா" என்றே விளித்திருக்கிறார்.
ஆறு வருடமும் அவள் திருத்தவில்லை.
முன்பணம் குறைந்தபோது மட்டும்
ஐயாவுக்குக் கோபம் வந்திருக்கிறது.

பிறகு போர். சாங்கிச் சிறையில் மூன்றரை வருடம்.
அந்தப் பெட்டி கனமில்லை:
சிகரெட் அட்டைகளின் உள்பக்கத்தில்
நகக்கீறல் எழுத்தில் ஓர் அத்தியாயம்.
விருந்து அத்தியாயம்.
வறுத்த வாத்து, பேரிக்காய், மறுபடி வாத்து.
ஸ்கேனர் இரண்டு முறை அதை
வெற்றுத்தாள் என்று தள்ளிவிட்டது.

முதல் கணவர் திரும்பி வரவில்லை.
இரண்டாமவர் வந்தார், குடித்தார், பெர்த்துக்குப் போனார்.
இவள் எங்கும் போகவில்லை.
தியோங் பாருவில் மாடி வீடு,
காலையில் ஐநூறு சொல், மதியம் ஜின்,
வெள்ளிக்கிழமை தபால் நிலையம்.
கதை ஏறக்குறைய ஒன்றுதான்:
ரப்பர் தோட்டம், மேலாளர், அவர் மனைவி,
மனைவியல்லாத ஒருத்தி, முடிவில் மழை.
பின்னால், தூரத்தில், நம் ஆட்கள்
கையில் வாளியோடு, மண்வெட்டியோடு,
பெயர் மட்டும் இல்லாமல்.

பன்னிரண்டாம் நாவலின் கார்பன் நகல்.
தட்டச்சு: வி. ஞானாதிக்கம், செலிகி ரோடு,
பக்கத்துக்குப் பத்துக் காசு.
கடைசித் தாளில் துருப்பிடித்த குண்டூசியோடு
அவருடைய குறிப்பு:
"மேடம், பக்கம் 112இல் தோட்டக்காரன்
பாம்பு கடித்துச் சாகிறான்.
பக்கம் 140இல் கல்வாழைக்குத் தண்ணீர் ஊற்றுகிறான்.
பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

கீழே, பச்சை மையில், அவள்:
"இவன் வேறொருவன்."

சிரித்துவிட்டேன்.
பக்கத்து மேசை ஷு ஃபென் நிமிர்ந்தாள்.
விஷயத்தைச் சொன்னேன்.
"அப்போ பாம்பும் வேறயா?" என்றாள்.

அச்சான புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன்.
112இல் செத்துத்தான் கிடந்தான்.
140இல் ஊற்றிக்கொண்டுதான் இருந்தான்.
ஒட்டிவைத்திருந்த மதிப்புரைகள் ஒன்பது.
ஒன்றுகூடக் கேட்கவில்லை.

அதன்பின் ஐந்து நாவல்கள்.
எதையும் ஞானாதிக்கம் தட்டச்சு செய்யவில்லை.
கேட்டதாலா,
கூடுதல் சம்பளத்துக்கு வேறெங்கும் போனாரா,
பெட்டியில் இல்லை.

எழுபத்தொன்றில் அவள் போனாள்.
செய்தித்தாளில் நான்கு வரி.
அதில் ஒன்று நாய்க்கு.

தரவுப் படிவத்தில் "பிற பங்களிப்பாளர்"
என்றொரு கட்டம் இருக்கிறது.
அவர் பெயரை இட்டேன்.
மேற்பார்வையாளர் நீக்கிவிட்டார்.
மறுநாளும் இட்டேன்.
மூன்று நாளாக இது நடக்கிறது,
இருவரும் பேசிக்கொள்வதில்லை.

இன்று காலை பேருந்து
பூன் லேயில் சிக்னலுக்கு நின்றபோது,
மேம்பாலத்துக் காகிதப்பூச் செடிகளுக்குக்
குழாய் பிடித்துக்கொண்டு ஒருவர்.
மஞ்சள் மேல்சட்டை, கழுத்தில் துண்டு.
நான்கு வருடமாக இதே வழிதான் எனக்கு.
போன மாதம் நின்றவர் இவர்தானா?
அவர் கொஞ்சம் உயரம்...
இல்லை, தாடி...

சிக்னல் விழுந்தது.
கண்ணாடியில் முதல் தூறல்.
மழையிலும் அவர் ஊற்றிக்கொண்டிருந்தார்.